பின்பாரம்

குன்னூரில் ஒரு விடுதிக் கட்டுமானத்தில் நான் சூப்பர்வைசர். டைல்ஸை மூன்றாம் மாடிக்கு டெலிஹேண்ட்லர் வண்டிதான் தூக்கும். அதன் இரும்புக் கை நீள நீள, தாங்கும் எடை குறையும். அன்று கையை முழுக்க நீட்டியபோது பின்சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பின. டிரைவர் சட்டென்று கையை உள்ளிழுத்தார்.

“பாதி டைல்ஸை இறக்கோணுங்க,” என்றார்.

இரண்டு நடையானால் அரை மணி நேரம் வீணாகுமே என்று எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. தேயிலை எஸ்டேட்டிலிருந்து கூலிக்கு வந்து மண் சுமந்துகொண்டிருந்த நான்கு பெண்களைக் கூப்பிட்டு, “வண்டிக்குப் பின்னால ஏறி நில்லுங்க, பாரம் சரியாயிடும்” என்று கத்தினேன். மண்சட்டியை இறக்கிவிட்டு, மறுபேச்சில்லாமல் ஏறினார்கள்.

டிரைவர் இன்ஜினை அணைத்தார். “ஏனுங்க, உங்க ஊட்டுக்காரம்மாவைக் கூட்டிட்டு வந்து நிக்க வைங்க, ஓட்டறேன்.”

நினைத்தால் இன்றும் என்னையே அறையத் தோன்றுகிறது. அரை மணி நேரத்தை மிச்சப்படுத்த நான்கு பேரை எடைக்கல்லாக்கினேன். அவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.