கரி பஸ்ஸில் எரிந்த இரண்டு பேட்டுகள்

விளையாட்டு மேல் எனக்கு ஆசை இருந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு ஆசை உத்தியோகத்தின் மேல். அருப்புக்கோட்டையில் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்த என் வயசுக்காரர்கள் எல்லாருக்கும் அதே ஆசைதான். பியூன் வேலையாக இருந்தாலும் சரி, சர்க்கார் வேலையாக இருக்க வேண்டும். யுத்த காலம். கோட்டாவில் தருகிற நூல் வாரத்தில் இரண்டு நாள் தறி ஓட்டவும் காணாது. மற்ற நாளெல்லாம் வெறும் தறியையும் அப்பாவின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் சாயங்காலம் பேட்மிண்டன் ஆடுவார்கள். மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். கோர்ட் ஹெட் குமாஸ்தாதான் அங்கே எல்லாம். வருஷா வருஷம் திருச்சுழி ஆபீஸ்காரர்களிடம் தோற்றுவிட்டு வருவது அவருக்குத் தாங்க முடியாத அவமானம். வேடிக்கை பார்க்க நின்ற என்னை ஒருநாள் ஆள் குறைகிறதென்று இறக்கிவிட்டார்கள். தறியில் நாடாக் கட்டை இங்கும் அங்கும் ஓடுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் பந்து மெதுவாகத்தான் வந்தது. அன்றைக்கே ஹெட் குமாஸ்தா கேட்டார்.

"எந்தத் தெரு நீ? எழுதப் படிக்கத் தெரியுமா?"

"எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன் சார்."

"பியூன் எடம் ஒண்ணு காலியாகப் போகுது. ஒன்னயச் சொல்லி வைக்கிறேன். ஆட்டத்தை விட்டுராத."

நான் விடவில்லை. மழையோ வெயிலோ போய் நின்றேன்.

அவரிடம் இரண்டு பேட்டுகள் இருந்தன. யுத்தத்துக்கு முன்னால் வடக்கே எங்கிருந்தோ வரவழைத்தவை. நல்ல மரம், தோல் சுற்றிய பிடி. அப்போது காசைக் கொட்டினாலும் அப்படி ஒரு பேட்டு கிடைக்காது. அதனால் அவற்றைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தார். பிள்ளையைக்கூட அடிப்பார், பேட்டை அதட்டிப் பேசமாட்டார். இரண்டிலும் நரம்பு அறுந்துபோனது. மெட்ராஸில் ஒரு கடையில்தான் நரம்பு கட்டித் தருவார்கள், தபாலில் அனுப்ப வேண்டும். யாரை நம்பிக் கொடுப்பது என்று அவர் யோசிக்கும்போது நான் முந்திக்கொண்டேன்.

"நான் பார்சல் கட்டி அனுப்புறேன் சார். துணி வேலை எங்க வேலைதான்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து நானே தனியாக உட்கார்ந்து கட்டினேன். ஊரெல்லாம் பழங்கோணியில்தான் பார்சல் தைப்பார்கள். நெசவாளி வீட்டுப் பார்சல் கோணியில் போகலாமா என்று எனக்கு ஒரு திமிர். கடைக்காரன் பார்த்ததும் பெரிய இடத்துப் பேட்டு என்று தெரிய வேண்டாமா? தறியில் பாவு முடிந்த கடைசியில் மூன்று கெஜம் வெள்ளைத் துணி மிச்சம் விழுந்திருந்தது. சிவப்புக் கரை. கரைக்குச் சிவப்பு நூல் தீர்ந்துபோய், கடைசி அரை கெஜத்தில் நான் மஞ்சள் இழையை ஓட்டியிருந்தேன். அந்தத் துணியை எடுத்து, மடிப்பு மடிப்பாகச் சுற்றி, பொடித் தையலாகத் தைத்தேன்.

எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. அம்மா அந்தத் துணியில் இரண்டு ரவிக்கை ஆகுமென்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அவள் திட்டியதை நான் தமிழில் எழுதப்போவதில்லை. அப்பா திட்டவில்லை. "கோவணத்துக்குத் துணியில்லாத ஊருல கட்டைக்குக் கோடித்துணியா?" என்று மட்டும் கேட்டார். அதில் ஒரு புத்தி இருந்தது. எனக்குத்தான் உறைக்கவில்லை.

தபாலாபீஸில் அரக்கு முத்திரை வைத்து, ரிஜிஸ்தர் செய்து, ரசீதைக் கொண்டுபோய் ஹெட் குமாஸ்தாவிடம் கொடுத்தேன். ஒரு மாதம் போயிற்று. பார்சல் வரவில்லை என்று கடைக்காரன் கார்டு போட்டான். தபாலாபீஸுக்கு எழுதிக் கேட்டோம். விசாரித்து வருவதாகப் பதில் வந்தது. திரும்ப எழுதினோம். அதே பதில், வேறு கையெழுத்தில்.

ஒருநாள் ஆட்டம் முடிந்து எல்லாரும் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது ஹெட் குமாஸ்தா ரசீதை என்னிடம் நீட்டினார்.

"இதுல பார்சல்னு இருக்கு. உள்ள பேட்டு இருந்துச்சுன்னு எங்க இருக்கு?"

ரசீதைப் புரட்டிப் பார்த்தேன். தைத்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை. கோர்ட்டிலேயே பழம் தின்று கொட்டை போட்டவர், அதற்கு மேல் கேட்கவும் இல்லை. "நாளையிலேருந்து நீ வர வேண்டாம்" என்றார். நான்கு பேர் முன்னால் சொன்னார். மறுநாள் எங்கள் தெருவுக்கே தெரியும். பேட்டை விற்றுத் தின்றவன் என்று பெயர். எனக்குச் சொல்லி வைத்திருந்த வேலையைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை. 

ஏழெட்டு மாதம் கழித்து, சர்க்கார் அளந்து தருகிற கன்ட்ரோல் துணிக் கடையில் வரிசை நின்றது. பொம்பளைகள் வரிசையில் ஒருத்தி, முப்பது வயசு இருக்கும், திருச்சுழி ரோட்டுப் பக்கத்துக் கிராமத்துக்காரி. மேலே நைந்துபோன கண்டாங்கி. இடுப்புக்குக் கீழே வேறு துணி ஒட்டுப்போட்டிருந்தது. வெள்ளை, சிவப்புக் கரை. கரையில் அரை கெஜத்துக்கு மஞ்சள் இழை. ஓரத்தில் அரக்குக் கறை, துவைத்தும் போகாமல். தன் கை நெய்த துணியைத் தெரியாத நெசவாளி உண்டா?

எனக்குக் கோபம் வந்ததாகச் சொன்னால் அது பொய். எனக்குச் சந்தோஷம் வந்தது. கூட்டத்துக்குள் புகுந்து அவள் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, இது என் துணி என்று கத்தினேன். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. "விடுங்க, கிழிஞ்சிரும்" என்று மட்டும் சொன்னாள்.

கான்ஸ்டபிள் வந்தார். துணி சாட்சிப் பொருள், ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்றார். மாற்று உடுத்திக்கொண்டு தரச் சொல்லி அவள் வீட்டுக்கே போனோம், அடையாளம் காட்ட நானும் கூடப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டாள். நெடுநேரம் ஆயிற்று. கான்ஸ்டபிள் கதவைத் தட்டினார். கொஞ்சமாகத் திறந்து, உள்ளேயிருந்து கை மட்டும் துணியோடு வெளியே வந்தது. மாற்று உடுத்த அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. கான்ஸ்டபிள் வேறு பக்கம் பார்த்தார். நான் துணியை வாங்கி, மஞ்சள் இழையைச் சரிபார்த்தேன்.

அவள் புருஷன் விருதுநகர் போகும் கரி பஸ்ஸில் கரி போடுகிறவன். பெட்ரோல் இல்லாத காலத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் அடுப்பு வைத்துக் கரியில்தான் ஓட்டினார்கள். தபால் மூட்டைகளை அந்த பஸ்ஸின் மேல்தான் ஏற்றுவார்கள். என் பார்சல் நீளம், மூட்டைக்குள் அடங்காமல் வெளியே கிடந்திருக்கிறது. ஸ்டேஷனில் அடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டான்.

"புதுத்துணியப் பாத்துட்டு எடுத்தேன் சாமி. வீட்டுல அவளுக்குக் கட்டத் துணியில்ல. உள்ள ரெண்டு கட்டை இருந்துச்சு. அடுப்புல போட்டுட்டேன். நரம்பு கருகுன நாத்தத்துல பஸ்ஸுல இருந்தவுக எல்லாம் மூக்கப் பொத்திக்கிட்டாக."

ஊரில் இல்லாத அந்த இரண்டு பேட்டும் விருதுநகர் வரைக்கும் பஸ் ஓட்டியிருக்கின்றன. வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்த ஸ்டேஷன் எழுத்தர் சிரித்துவிட்டார். கோணியில் தைத்திருந்தால் அவன் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டான். திருட்டுக்கு விருந்து வைத்து அழைத்தவன் நான்தான்.

ஹெட் குமாஸ்தா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"ஒன் மேல தப்பு இல்லைன்னு ஆகிப்போச்சு. எடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. திங்கக்கிழமை வந்து சேரு."

மன்னிப்பு மாதிரி ஒரு வார்த்தை வரும் என்று நின்றேன். வரவில்லை. இருந்தாலும் போய்ச் சேர்ந்தேன். அப்பா தெருவில் நிமிர்ந்து நடந்தார். எனக்கும் பியூனுக்குரிய டவாலிப் பட்டையைத் தோளில் மாட்டியதும் நெஞ்சு விரிந்தது, அதை மறைக்க மாட்டேன்.

சேர்ந்து சில வாரத்தில் அந்தக் கேஸ் வந்தது. கோர்ட் வாசலில் நின்று எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவனின், பெயரை மூன்று முறை கூப்பிடுவது பியூன் வேலை. அன்றைக்குத்தான் அவன் பெயர் எனக்குத் தெரியும். முதல் முறையிலேயே எதிரில் வந்து நின்றுவிட்டான். விதிப்படி நான் மூன்று முறையும் கூப்பிட்டேன். குற்றத்தை ஒத்துக்கொண்டான், மூன்று மாதம் போட்டார்கள்.

அவனைக் கூட்டிப்போன பிறகு அவள் படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றாள். யாரோ கொடுத்த பழைய வேட்டியைச் சுற்றியிருந்தாள். என்னைத் தெரிந்து கேட்டாளா, டவாலியைப் பார்த்துக் கேட்டாளா, அது இன்று வரை எனக்குத் தெரியாது.

"ஐயா, அந்தத் துணியத் திருப்பிக் குடுப்பாகளா?"

"குடுப்பாக," என்றேன். "உடையவுகளுக்குத்தான் குடுப்பாக."