பீரோவில் பூட்டி வைத்த அமெரிக்க விஸ்கி

விஸ்கியை என் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் குடித்திருக்கிறேன். அதுவும் அப்பாவின் கருமாதியன்று, அவர் படத்துக்கு முன்னால்.

அந்த பாட்டில் அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் கொண்டுவந்தது. அதைக் காய்ச்சிய ஆலையை என்றைக்கோ மூடி, இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்களாம். மிஞ்சிய பாட்டில்களுக்கு அங்கே பெரிய கிராக்கியாம். அப்பாவோ நடவு முடிந்த நாளிலும் அறுப்பு முடிந்த நாளிலும் குவார்ட்டர் பிராந்தியில் தண்ணீர் கலந்து குடித்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்கிற ஆள். அவர் கையில் அதைக் கொடுத்து, "இது இனிமே உலகத்துலயே கெடைக்காதுப்பா. அடுத்த தடவ வர்றப்ப ரெண்டு பேரும் சேந்து தொறப்போம்" என்றான் அண்ணன். அப்பா அதைத் துண்டில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தார். பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்ட மகள் நான். எல்லாச் சாவியும் என்னிடம்தான்.

அந்த அடுத்த தடவை வரவேயில்லை. ஒரு வருஷம் விசா, ஒரு வருஷம் பிள்ளைகளுக்குப் பரீட்சை, இன்னொரு வருஷம் புது வீடு. அப்பா மட்டும் வருகிறவர்களுக்கெல்லாம் பாட்டிலை எடுத்துக் காட்டச் சொல்வார். யாரையும் தொட விடமாட்டார். "பெரியவன் வந்துதான் தொறக்கணும்" என்பார்.

பிறகு நுரையீரலில் கேன்சர் என்றார்கள். தஞ்சாவூர் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "வீட்டுக்கு அழச்சிட்டுப் போங்கம்மா. கேட்டதக் குடுங்க" என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். விரால் குழம்பு கேட்டார், வைத்தேன். பீடி கேட்டார், அதையும் நானே பற்றவைத்துக் கொடுத்தேன். ஒரு மத்தியானம், "அந்த பாட்டில்ல ஒரு மூடி ஊத்திக் குடேன். அவன் வர்ற வரைக்கும் நான் இருக்க மாட்டேன் போலருக்கு" என்றார்.

"அண்ணன் வரட்டும்ப்பா" என்றேன்.

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதையேதான் சொன்னேன். சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதை. திறந்தால் அண்ணன் முகம் சுளிப்பான் என்ற பயம் ஒரு பக்கம். திறந்தால் அவன் வரமாட்டான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது இன்னொரு பக்கம். நான்காவது முறை கேட்பதற்குள் அப்பாவுக்குப் பேச்சு நின்றுபோனது.

கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். அண்ணன் கருமாதிக்குத்தான் வந்து சேர்ந்தான். திருவையாற்றுப் படித்துறையில் காரியம் முடித்து வந்து வீட்டில் படையல் போட்டோம். போனவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்பது எங்கள் வழக்கம். குடிக்கிறவராக இருந்தால் அதுவும் உண்டு. அண்ணன் பாட்டிலைத் திறந்தான். தக்கை உளுத்து உள்ளேயே உதிர்ந்தது. டீ வடிகட்டியில் வடிகட்டி அப்பாவின் டம்ளரில் ஊற்றினான்.

காக்கை சோறெடுத்ததும் படைத்ததை ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வைத்தார்கள். "நீயும் ஒரு வாய் குடிச்சுப் பாரு. ஒடனே முழுங்காம நாக்குல வச்சிரு" என்று அண்ணன் டம்ளரை நீட்டினான். முதலில் வெல்லப்பாகு வாசம். பிறகு பழைய மரத்தின் வாசம். நன்றாக இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் நன்றாகத்தான் இருந்தது. தொண்டையில் இறங்கிய பிறகுதான் நிலவேம்புக் கசாயம் மாதிரி ஒரு கசப்பு ஏறியது. அப்பா இதைத்தானே ஒரு மூடி கேட்டார் என்று நினைத்ததும் என்மேலேயே ஆத்திரம் வந்தது.

அண்ணன் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவருக்கு ஒரு வாய் குடுத்திருக்கலாம்ல? சேந்து தொறப்போம்னு நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. அவரு கேக்கலயா?"

சும்மா ஒரு பேச்சுக்கு. அதற்கா அத்தனை வருஷம் பூட்டிக் காத்தோம்? அவன் கழுத்தைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. வாயிலிருந்து வந்ததோ வேறு.

"இல்ல, கேக்கவே இல்ல."

"அப்ப அவருக்கு இதுல ஆசயில்ல போலருக்கு" என்று சொல்லிவிட்டு அண்ணன் தன் டம்ளரில் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டான்.