உயரக் கம்பிக்கு வெளியே நின்ற வான்

ஊரை விட்டு வந்து நாங்கள் குடியேறிய பிளேஸ்டோவில், எங்கள் தெருவில் நின்ற வாகனங்களுக்குள் மிக உயரமானது அப்பாவின் வெள்ளை வான்தான். வார நாட்களில் அது மொத்தச் சந்தையிலிருந்து தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி ஏற்றும். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வெங்காயமும் கலந்த வாசம் எத்தனை தரம் கழுவினாலும் அதை விட்டுப் போகாது. நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வருடம் என் குளிர்ச்சட்டையிலும் அந்த வாசம் இருந்தது. அதை மறைக்க நான் எதுவும் செய்ததில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். முடிக்க வைத்தது அந்த வான்.

அப்பா சிறுவயதிலேயே லொறிகளில் மூட்டை ஏற்றப் போனவர். தன் பெயரை எழுதுவார், அதற்கு மேல் எழுத்து இல்லை. கடைகளைப் பலகையின் நிறத்தை வைத்து அடையாளம் பிடிப்பார். அம்மாவும் அப்படித்தான். அதனால் ஆங்கிலத்தில் பேசவேண்டிய இடம் எதுவானாலும் அப்பாவின் பக்கத்து ஆசனத்தில் நான் இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வான் எங்கள் ஆட்களுக்குச் சொந்தம். யாராவது வீடு மாறுவார்கள், யாருடையதோ குளிர்சாதனப் பெட்டி பழுதாகியிருக்கும், யாரோ புதுக் கட்டில் வாங்கியிருப்பார்கள். பழையதைக் கொண்டுபோய்க் கவுன்சிலின் கழிவு மையத்தில் போடவேண்டும். டம்ப் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சின்னக் காரில் மெத்தை போகாது. சனிக்கிழமை பின்னேரமே எங்கள் வீட்டுத் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும்.

"அண்ணை, நாளைக்கு ஒருக்கா வாறியளே? ஒரு சோபா கிடக்கு."

"ஓம் தம்பி, வாறன். சாமானை முன்னுக்கு எடுத்து வையுங்கோ."

"பெரிய சோபா அண்ணை. உங்கட வானுக்குள்ள போகுமோ?"

"என்ர வானுக்குள்ள உன்ர வீடே போகும். நீ மனுசியிட்டச் சொல்லித் தேத்தண்ணி வை."

இதற்கு அப்பா யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. தேத்தண்ணி குடிப்பார், சில வீடுகளில் மத்தியானச் சாப்பாடும் கிடைக்கும். சாப்பிடும்போது அவரைச் சுற்றி ஆட்கள் உட்காருவார்கள். கணக்காளர்கள், கடை முதலாளிகள், ஊரில் வாத்தியாராக இருந்தவர்கள். ஊரில் என்றால் அவர்களில் சிலர் அப்பாவைத் தங்கள் வீட்டு விறாந்தையில்கூட இருக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். இங்கே கோழிக்கறிச் சட்டி முதலில் அவர் பக்கம் வரும். அப்பாவுக்கு அந்த வான் என்னவாக இருந்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டம்ப் வாசலில் மஞ்சளும் கறுப்பும் பூசிய இரும்புக் கம்பி ஒன்று குறுக்கே நின்றது. கார்கள் அதன் கீழால் போய்க்கொண்டிருந்தன. எங்கள் வானின் நெற்றி கம்பியை விட உயரம். பக்கத்தில் இருந்த அறிவிப்பை நான் அப்பாவுக்கு வாசித்துச் சொன்னேன். வான்களுக்கு இனிமேல் அனுமதி எடுக்கவேண்டும், வியாபாரக் கழிவு ஏற்றுக்கொள்ளப்படாது, சொந்த வீட்டுக் குப்பை மட்டும்.

"அப்ப நாங்கள் என்ன கடையே வைச்சிருக்கிறம்?" என்றார் அப்பா.

அடுத்த நாளே நான் கவுன்சிலுக்குப் போன் செய்து அனுமதிக்கு விண்ணப்பித்தேன். ஒரு சொல்லிலும் தடுக்காமல் பேசினேன். அனுமதி வந்தது. அதை அப்பா வானின் முன் கண்ணாடியில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். அந்த வாரம் மரக்கறி இறக்கிய கடையெல்லாம் "என்ர பிள்ளை கதைச்சு எடுத்தது" என்று காட்டியிருக்கிறார்.

கம்பியைத் திறக்கும் சாவி வாசலில் நின்ற வேலையாளிடம் இருந்தது. நரைத்த தாடி, பளிச்சென்ற மஞ்சள் மேல்சட்டை, எப்போதும் கையில் ஒரு தேநீர்க் குவளை. முதல் வாரம் எங்கள் வீட்டுப் பழைய அலுமாரியைக் கொண்டுபோனோம். சிரித்துக்கொண்டே திறந்துவிட்டார். அடுத்த வாரம் யாரோ ஒருவரின் சோபா.

"யாருடையது?" என்று அவர் கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் அப்பாவே பதில் சொன்னார். "பிரதர் ஹவுஸ், சேர்."

திறந்தார். அதற்கு அடுத்த வாரம் சலவை இயந்திரம். "சிஸ்டர் ஹவுஸ், சேர்." பிறகு இரண்டு கட்டில். "பிரதர், சேர். அதர் பிரதர்."

அப்பா பொய் சொல்லவில்லை. அந்த வீட்டுக்காரரை அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார், அவர் அப்பாவை அண்ணை என்பார். அந்தப் பெண் அவருக்குத் தங்கச்சிதான். வேறு எப்படிச் சொல்வது என்று அவர் யோசித்ததே கிடையாது. ஆனால் வேலையாளின் முகத்தில் ஒவ்வொரு வாரமும் சிரிப்புக் குறைந்துகொண்டு வந்ததை நான் கண்டேன்.

"உன் அப்பாவுக்கு எத்தனை சகோதரர்கள்?" என்று என்னிடம் கேட்டார். "எல்லோரும் முறைவைத்து வீட்டைக் காலி செய்கிறார்களோ?"

பின் கதவு திறந்திருந்தது. வானின் தரையில் வெங்காயச் சருகு பரவிக் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கம்பியைத் திறந்துவிட்டார்.

அந்த மாதம் எங்கள் அடுத்த தெருவில் ஒருவர் இறந்துபோனார். நீண்ட நாள் படுக்கையில் கிடந்தவர். அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்ததும் அவர் மனைவி அப்பாவுக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, அவர் படுத்த மெத்தை. அறைக்குள்ள போகவே ஏலாமல் கிடக்கு. ஆரும் தங்கட காரில ஏத்த யோசிக்கினம்."

"நீ யோசியாதை தங்கச்சி. நான் நிக்கிறன் எல்லே," என்றார் அப்பா.

ஞாயிறு காலை போனோம். அந்த அம்மா மெத்தையைப் பார்க்காமல் சமையலறைக்குள்ளேயே நின்றார். நாங்கள் வெளியே கொண்டுவந்த கையோடு வாசல்படிக்குத் தண்ணீர் தெளித்தார். செத்த வீட்டிலிருந்து அப்படி வெளியே போன சாமான் திரும்பி அந்த வாசலுக்குள் வரக்கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஆனாலும் எனக்குத் தெரிந்திருந்தது.

டம்ப் வாசலில் வேலையாள் சாவியை எடுக்கவில்லை.

"இன்றைக்கு யார்?"

"சிஸ்டர், சேர். ஹஸ்பண்ட் டெட்."

அவர் குவளையைக் கீழே வைத்தார். "வருத்தமாக இருக்கிறது," என்றார். உண்மையாகத்தான் சொன்னார். பிறகு அப்பாவிடம் மெதுவாக, விளங்கக்கூடிய மாதிரிக் கேட்டார். "சொந்தச் சகோதரியா? உங்கள் அம்மாவின் மகளா?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். அவரைப் பொறுத்தவரை அது நேர்மையான கேள்வி, நேர்மையாகப் பதில் சொல்லவேண்டும்.

"நோ, சேர். டிபரன்ட் மதர். டிபரன்ட் வில்லேஜ்." கையை நெஞ்சில் வைத்தார். "சிஸ்டர்."

நான் இடையில் புகுந்தேன். எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் எப்படி அழைப்போம், இதற்குக் காசு வாங்குவதில்லை, மெத்தை ஏன் திரும்பிப் போக முடியாது, எல்லாம் சொன்னேன். கட்டுரைகளுக்கு நல்ல புள்ளி வாங்கிய ஆங்கிலம். அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"உன்னை நான் நம்புகிறேன்," என்றார். "ஆனால் மற்ற ஆட்களின் குப்பையை வாராவாரம் வானில் ஏற்றி வருபவரை இங்கே வியாபாரி என்றுதான் எழுதுவார்கள். நான் திறந்தால் என் வேலை போய்விடும்."

எங்களுக்குப் பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. அப்பா வானைப் பின்னெடுத்தார். வழியெல்லாம் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தங்கச்சி எண்டால் நம்பமாட்டாரோ பிள்ளை?"

"நம்பினவர் அப்பா. நம்பினது மட்டும் அவருக்குக் காணாது."

மறுநாள் விடிய மரக்கறி ஏற்றவேண்டும். செத்தவரின் மெத்தை கிடக்கும் வானில் யாருடைய கத்தரிக்காயை ஏற்றுவது? அப்பா அதை எங்கள் பின்வளவுக்குக் கொண்டுபோய்ச் சுவரோடு சாய்த்து, பிளாஸ்டிக் விரிப்பால் மூடினார்.

"இஞ்சருங்கோ, ஆற்றையோ செத்த வீட்டு மெத்தையை எங்கட வளவுக்கையோ வைக்கிறியள்?" என்று அம்மா பின்கதவில் நின்று சத்தம் போட்டார்.

"ஆற்றையோ இல்லை. தங்கச்சி வீட்டது," என்றார் அப்பா.

"நாளைக்கு உலகத்தில உள்ள தங்கச்சிமாற்ர கட்டிலெல்லாம் இஞ்சதான் வரும்."

மழை பெய்தது. விரிப்பின் ஓரத்தால் மெத்தை நனைந்து உப்பியது. நான் கவுன்சிலுக்குப் போன் செய்து, பெரிய சாமான்களை வீட்டுக்கு வந்து எடுக்கும் சேவையைப் பதிவு செய்தேன். இரண்டு வாரம் கழித்து லொறி வந்தது. இரண்டு பேர் இறங்கி மெத்தையைத் தூக்கிப் போட்டார்கள், இயந்திரம் அதை உள்ளே இழுத்துக்கொண்டது. அப்பா முன் அறைச் சன்னலில் நின்று பார்த்தார். "அவ்வளவுதானோ?" என்றார்.

செய்தி கணவரை இழந்த அந்த அம்மா மூலம் பரவியது. அண்ணையின் மகள் போன் எடுத்தால் கவுன்சில்காரர் வாசலுக்கே வருவினம். சனிக்கிழமை பின்னேரத் தொலைபேசி அழைப்புகள் நிற்கவில்லை. அப்பாதான் ஓடிப்போய் எடுப்பார். "ஓம், சொல்லுங்கோ தம்பி." கொஞ்ச நேரம் கேட்பார். "ஓம், நிக்கிறா." பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டுவார்.

"உனக்குத்தான் பிள்ளை."

நான் ஒவ்வொருவருக்கும் பதிவு செய்து கொடுத்தேன். இன்றைக்கும் யாராவது கேட்டால் செய்துதான் கொடுப்பேன், அதற்காகத்தான் படித்தேன். எல்லோரும் எனக்கு நன்றி சொன்னார்கள். நன்றி சொல்லி வைத்துவிட்ட பிறகு யாரும் "நாளைக்கு அண்ணையை ஒருக்கா வரச் சொல்லுங்கோ" என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வானைக் கழுவினார். கழுவி முடிந்ததும் உள்ளே ஏறி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி இருப்பார். அம்மா தேத்தண்ணியை அங்கேயே கொண்டுபோய்க் கொடுப்பார்.

முழங்கால் நோவு கூடியதும் அவர் மரக்கறி வேலையை விட்டார். வான் விலைப்பட்டது. ஒரு சின்னக் கார் வாங்கினோம்.

அதில் ஒருநாள் வேலியோரம் வெட்டிய செடிகளைப் பையில் கட்டிக்கொண்டு டம்புக்குப் போனோம். கம்பி அதே இடத்தில் இருந்தது. கார் அதன் கீழால் தட்டுப்படாமல் போக நிறைய இடம் இருந்தும், அப்பா தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே அந்த நரைத்த தாடிக்காரர் நின்றார். அப்பாவை உடனே அடையாளம் கண்டுவிட்டார். கிட்ட வந்து பைகளை இறக்க உதவினார். போகும்போது காரின் கூரையில் செல்லமாகத் தட்டி, "சகோதரர்கள் எல்லோரும் சுகமா?" என்று கேட்டார்.

நான் மொழிபெயர்க்கத் திரும்பினேன். அப்பாவுக்கு விளங்கிவிட்டது.

"ஆல் பிஸி, சேர்," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கம்பியின் கீழால் வெளியே வரும்போதும் தலையைக் குனிந்துகொண்டார்.