ஹசீனா பிரிக்காமல் விட்ட குல்லாக்கள்

மரக்காணம் பள்ளிவாசல் தெரு ஹசீனாவுக்கு, எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் கண்ணில் படுவது அதன் குறைதான். பிறவிக் குணமல்ல, ஆறு வருஷ வேலை அப்படிப் பழக்கிவிட்டது. ஆரோவில் பக்கம் ஒரு பின்னல் கம்பெனியில் அவள் செக்கிங் பார்த்தாள். வெளிநாட்டுக்குப் போகும் பைகளை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பின்னலில் கண்ணி தவறியதை ஒதுக்க வேண்டும். அதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பெயர்.

கம்பெனி மூடிய பிறகு, வீட்டிலேயே கைக்குழந்தைகளுக்குப் பருத்தி நூலில் குல்லா பின்ன ஆரம்பித்தாள். பொம்மையார்பாளையத்தில் கைவினைக் கடை வைத்திருக்கும் சங்கீதா எடுத்தவுடனே இருபது கேட்டாள். ஹசீனா நாற்பதுக்கு மேல் பின்னினாள். கொடுத்தது நாலு. அவள் கழித்ததெல்லாம் ஒரு பைக்குள் போனது.

"மீதி எங்கக்கா?"

"சரியா வரலம்மா. பிரிச்சுட்டுத் திரும்பப் போடணும்."

"சீசன் போயிட்டிருக்குதுக்கா. நாலே நாலு குல்லாவ வச்சுக்கிட்டு நான் என்னா பண்றது?"

அடுத்த ஆர்டர் வரவில்லை. குறையுள்ளதை விற்கமாட்டேன் என்ற பெருமை ஹசீனாவுக்குக் கொஞ்சம் இருந்தது. அதைவிடப் பயம்தான் அதிகம். கம்பெனியில் அவள் ஒதுக்கியது யாரோ பின்னியதை. இங்கே ஒவ்வொன்றும் அவள் கை பின்னியது.

அந்தக் கார்த்திகையில் புயல் வந்து உப்பளமெல்லாம் ஏரியாகிப் போனது. உப்பளத்துக் குடும்பங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். அங்கே சாப்பாடு கொண்டுபோன அவள் கணவர் அஸ்லம் நனைந்துபோய்த் திரும்பினார்.

"மூணு கைக்கொழந்த இருக்குது. தலைல சுத்தக் காஞ்ச துணி இல்ல. அந்தக் குல்லாப் பைய குடு."

"அது ரிஜெக்ட்டுங்க. இருங்க, ஓரளவு நல்லதாப் பாத்து எடுக்கறேன்."

"கொழந்த நடுங்கிட்டு இருக்குது ஹசீனா!"

அவள் பையோடு எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்குப் பூராவும் தன்னை நினைக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, உப்பளத்தில் வேலை செய்யும் பாக்கியலட்சுமி இடுப்பில் பிள்ளையோடு வீட்டைத் தேடி வந்தாள்.

"பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனீங்களே, அந்தக் குல்லா இவனுக்குச் சின்னதாப் போச்சுங்க. பெருசா ஒண்ணு போட்டுக் குடுங்க, காசு குடுத்துடறேன். விடியக்காலைல உப்புப் பாத்திக்குத் தூக்கிட்டுப் போறேன், காத்து காதுல ஏறுது."

ஹசீனா பிள்ளையின் தலையிலிருந்து குல்லாவைக் கழற்றினாள். மூன்றாவது வரிசையில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தது. "இதப் பாரு, ஓட்டை."

"எங்கங்க?" பாக்கியலட்சுமி கிட்டே வைத்துப் பார்த்தாள். "ஓ, இதுவா? இருந்துட்டுப் போவட்டும். எத்தினி வாட்டி தோச்சும் நூல் பிரியல, அதான் உங்ககிட்டயே வந்தேன்."

அவள் போன பின்னும் ஹசீனா அந்தப் பேச்சையே யோசித்துக்கொண்டிருந்தாள். விளக்கு வெளிச்சத்தில் தெரியும் குறையைப் பார்க்கத்தான் கம்பெனியில் சொல்லிக்கொடுத்தார்கள். துவைத்தால் தாங்குமா என்று ஒரு நாளும் யாரும் கேட்டதில்லை.

பாக்கியலட்சுமிக்கான குல்லாவிலிருந்தே புது வழக்கம் தொடங்கியது. முடிச்சு அவிழுமா, அளவு சரியா, பிள்ளைக்கு உறுத்துமா என்று ஒரே ஒரு தடவை பார்ப்பாள். தேறினால் பைக்குள் போய்விடும், மறுபடி எடுக்கக் கூடாது. முதல் வாரத்திலேயே இரண்டு தடவை எடுத்துப் பிரித்தாள். பிறகு கைக்கு எட்டாதபடி, கடைத்தெருவில் அஸ்லம் வைத்திருந்த கடையில் பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

சங்கீதாவிடம் அவளே போய்ப் பேசினாள். பதினைந்து கொடுத்தாள். பயந்தது நடந்தது.

"அக்கா, ஒண்ணு ரிட்டர்ன் வந்திருக்குது. ஓரத்துல முடிச்சு அவுந்துடுச்சு" என்றாள் சங்கீதா போனில்.

ஹசீனா அடுப்பை அணைத்தாள். "ரொம்பத் திட்னாங்களா?"

"யாரு, வாங்குனவங்களா? சரி பண்ணித் தர முடியுமான்னு கேட்டாங்க, அவ்ளோதான்."

சரிசெய்யப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்காகவா இத்தனை நாள் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

இப்போது மாதம் ஒரு பெட்டி போகிறது. கண்ணி தவறினால் இன்றும் அவளுக்குத் தெரிகிறது, கையும் பரபரக்கிறது. சில நாள் பிரித்தும் விடுகிறாள். பெரும்பாலான நாட்களில் அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறாள்.