தன் நரம்புகளைத் தானே வாசித்த தர்மினி

காலையில் முதலாவது நோயாளியின் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. தர்மினியின் அம்மாவின் இலக்கம். அந்த நேரத்தில் அவர் அழைப்பதில்லை.

"பிள்ளை, அவள் போயிட்டாள்," என்றார். குரலில் அழுகை இல்லை. "விடிய முகம் துடைக்கப் போனனான். மூச்சில்லை. நீ கெதியா வா. நீ வந்தாப் பிறகுதான் என்ன செய்யிறதெண்டு நான் சொல்லுவன்."

அவர் சொன்னதன் பொருள் எனக்கு விளங்கியது. தர்மினி தன் உடலை மருத்துவ பீடத்துக்குக் கொடுக்கும்படி கேட்டிருந்தார். அம்மா அதற்கு ஒருநாளும் ஓம் சொன்னதில்லை. கிளிநொச்சியிலிருந்து கனகராயன்குளத்துக்குப் பேருந்தில் போன வழி முழுவதும் அம்மாவிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். என் தோழி இறந்துவிட்டார் என்பதை நினைக்க அப்போது இடம் இருக்கவில்லை.

அவரை அறியாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். தர்மினி எங்கள் வைத்தியசாலையின் இயன்மருத்துவர். நோயாளிகளுக்கு அந்தச் சொல் வாயில் வராது. அவர்களுக்கு அவர் 'எக்சசைஸ் மிஸ்'. விழுந்து இடுப்பு முறிந்தவர்கள், பாரிசவாதம் வந்தவர்கள், ஷெல் துண்டு இன்னும் முதுகுக்குள் இருப்பவர்கள், எல்லோரும் அவருடைய கைகளுக்குள்ளால் வந்து போனவர்கள். அவர் நாற்பது வயதைக் காணவில்லை.

நாங்கள் இருவரும் கொழும்பில் ஒன்றாகப் படித்தவர்கள். வன்னியிலிருந்து அந்த வகுப்புக்குப் போனவர்கள் நாங்கள் மட்டுமே. முதல் உடற்கூற்றியல் வகுப்பில் ஆளுக்கு ஒரு என்பைக் கையில் தந்தார்கள். எனக்குத் தோள்பட்டை என்பு. தர்மினிக்குத் தொடையென்பு. மற்றவர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்க, அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். பிறகு விரிவுரையாளரிடம், இது யாருடையது என்று ஆங்கிலத்தில் கேட்டார். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். மிகப் பழையது, யாருக்கும் தெரியாது என்றார் விரிவுரையாளர்.

வெளியே வந்ததும் தர்மினி என்னிடம் சொன்னார்: "தெரியாதெண்டால் ஒருத்தருமில்லை எண்டு அர்த்தமில்லை. ஆரோ தேடிக்கொண்டிருந்திருப்பினம்."

அன்றுதான் அண்ணனைப் பற்றி முதன்முதலாகச் சொன்னார். யுத்தத்தின் கடைசி மாதங்களில், பதுங்குகுழியை விட்டு வெளியே தண்ணீர் எடுக்கப் போன அண்ணன் திரும்பி வரவில்லை. அப்பா ஏற்கெனவே நோயில் காலமாகிவிட்டார். அம்மாவும் தர்மினியும் மட்டும் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். சின்ன வயதில் பாலை மரத்திலிருந்து விழுந்து அண்ணனின் இடது முன்கை முறிந்ததாம். நாட்டு வைத்தியம் பார்த்ததில் என்பு கொஞ்சம் வளைந்தே பொருந்திவிட்டது.

"அந்தக் கையை எங்க கண்டாலும் எனக்குத் தெரிய வேணும். அதுக்குத்தான் நான் இதைப் படிக்கிறன்," என்றார்.

நோயாளிகளைக் குணப்படுத்த வேண்டும் என்று நாங்களெல்லாம் நேர்முகத்தில் சொல்லிவிட்டு வந்தவர்கள். தர்மினியின் காரணம் வேறாக இருந்தது. ஒரு என்பில் இருக்கும் சிறு மேடு, பள்ளம், தசை பிடித்திருந்த சொரசொரப்பு, பழைய முறிவு ஆறிய தழும்பு என்று எதையும் அவர் விடவில்லை. பெயர்களெல்லாம் ஆங்கிலத்திலும் இலத்தீனிலும் இருந்தன. பள்ளியில் படித்த தமிழ்ச் சொற்களை அவற்றின் பக்கத்தில் வைத்து, விடுதிக் கட்டிலில் என் கையையே பிடித்து அழுத்தி ஒப்புவிப்பார். தேர்வுக் காலம் முழுவதும் என் முன்கை நொந்துகொண்டே இருந்தது.

படிப்பை முடித்து இருவரும் வன்னிக்கே திரும்பினோம். ஒருமுறை, குடிநீர்க் குழாய் பதிக்க நிலத்தை வெட்டிய இடத்தில் மனித என்புகள் தெரிந்தன என்று செய்தி வந்தது. தோண்டத் தொடங்கியதும் காணாமற்போனவர்களின் உறவுகள் அங்கே கூடினார்கள். தர்மினியும் அம்மாவும் போனார்கள். துணைக்கு நானும் போனேன். கயிறு கட்டியிருந்தார்கள். அதற்கு அப்பால் போக எவருக்கும் அனுமதி இல்லை. வெயிலில் நின்றோம். உள்ளே மண்ணைத் தூரிகையால் தட்டித் தட்டி ஒவ்வொன்றாக எடுத்து விரிப்பில் வைத்தார்கள்.

"அது என்ன பிள்ளை?" என்று அம்மா கேட்கக் கேட்கத் தர்மினி சொல்லிக்கொண்டிருந்தார். "அது இடுப்பம்மா. அது விலா."

"கையைப் பார். கையைப் பார் பிள்ளை."

நெடுநேரத்துக்குப் பிறகு ஒரு முன்கை வெளியே வந்தது. தர்மினி கயிற்றில் வயிறு அழுந்தக் குனிந்து பார்த்தார். "நேராத்தான் இருக்குது. அண்ணை இல்லை அம்மா," என்றார்.

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, "அப்ப எங்கயோ இருக்கிறான்," என்றார்.

திரும்பி வந்த பேருந்தில் அம்மா கண்ணயர்ந்ததும் தர்மினி என் காதோடு சொன்னார். "அது இடக்கையோ வலக்கையோ எண்டுகூட எனக்குத் தெரியேல்லை. அவ்வளவு தூரத்தில ஆருக்குத் தெரியும்? இவ்வளவு படிச்சும் அம்மாவுக்கு ஒரு பொய்தான் சொல்ல ஏலுது."

ஆனால் நோயாளிகளிடம் அவர் பொய் சொன்னதில்லை. குடியேற்றத் திட்டக் காணியில் வயல் செய்த ஒருவர், முள்ளந்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழ் உணர்வற்று எங்களிடம் வந்தார். ஒருநாள் பெரும் மகிழ்ச்சியோடு, "மிஸ், கால் தானாத் துள்ளுது. உயிர் வருகுது," என்றார். மனைவியும் பக்கத்தில் கும்பிட்டபடி நின்றார். தர்மினி அவருடைய சக்கர நாற்காலிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"அண்ணை, அது தெறிவினை. சூடான சட்டியில கை பட்டால் நாங்கள் யோசிக்க முன்னமே கை தானாப் பின்னால வருதெல்லே. முள்ளந்தண்டுக்குள்ள ஓடுற முண்ணாண் தன்பாட்டில செய்யிற வேலை அது. மூளையிலயிருந்து வாற வழி அறுந்துபோய்க் கிடக்குது. கால் துள்ளும். ஆனால் நடக்காது."

அவர் குனிந்து தன் காலில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு, "அப்ப எனக்குள்ள ஏதோ ஒண்டு இன்னும் முழிச்சிருக்குது தானே மிஸ்?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை, முழிச்சிருக்குது. நீங்கள் சொல்லுறதுதான் அதுக்குக் கேட்காது."

அந்த மனிதர் அழுதார். தர்மினியும் அழுதார். அழுதபடியே அவருடைய காலைத் தூக்கி அன்றைய பயிற்சியைத் தொடங்கினார். இன்று அவர் சக்கர நாற்காலியிலிருந்தே வீட்டு வாசலில் ஒரு சிறு கடை நடத்துகிறார். உண்மையைச் சொன்னதற்காக அவர் தர்மினி மேல் கோபப்பட்டதே இல்லை.

பிறகு அந்த உண்மை தர்மினியின் பக்கமே திரும்பியது.

நோயாளிகளின் கால்பட்டைகளைக் கழற்றுவதற்கு அவர் என்னைக் கூப்பிடத் தொடங்கினார். பேனை பிடிக்கச் சிரமப்பட்டார். ஒரு நண்பகல், நோயாளிகள் போன பிறகு, சிகிச்சை அறைக் கதவைச் சாத்திவிட்டு வலது உள்ளங்கையை என்முன் நீட்டினார். பெருவிரலடியில் இருக்கும் தசைமேடு தட்டையாகி, உள்ளே குழி விழுந்திருந்தது.

"சுத்தியலை எடும்," என்றார்.

தெறிவினை பார்க்கும் சிறிய இறப்பர்ச் சுத்தியல் அது. அவருடைய கையை என் கையில் தாங்கி, முழங்கை மடிப்பில் இருக்கும் தசைநாணில் என் விரலை வைத்து, அதன்மேல் தட்டினேன். கை உதறிக்கொண்டு எழும்பியது.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். கையிலுள்ள நரம்பு மட்டும் பழுதாகித் தசை வற்றினால் தெறிவினை மங்கிவிடும். வற்றிய கையில் அது வேகமாகத் துள்ளினால், மூளையிலிருந்து இறங்கும் நரம்பும் முண்ணாணிலிருந்து தசைக்குப் போகும் நரம்பும் இரண்டுமே சாகத் தொடங்கிவிட்டன என்று அஞ்ச வேண்டும். அந்த நோயைப் பற்றி நாங்கள் ஒரே பாடத்தில், ஒரே வாங்கில் அருகருகே இருந்து படித்திருந்தோம். அதற்கு மருந்து இல்லை என்பதையும் அங்கேதான் படித்தோம்.

"திருப்பி அடியும்," என்றார். அடித்தேன். மீண்டும் துள்ளியது. வாயைத் திறந்து நாக்கைக் காட்டினார். நீட்டாமல் வாய்க்குள் ஓய்வாகக் கிடந்த நாக்கின் மேல் சின்னச் சின்னத் துடிப்புகள் ஓடிக்கொண்டிருந்தன.

"இருக்குதோ?"

நான் தலையசைத்தேன். அவர் வாயை மூடிக்கொண்டு என் கையிலிருந்த சுத்தியலை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தார். "அம்மாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேயும்," என்றார். கொழும்பு நிபுணர்களும் பல பரிசோதனைகளுக்குப் பிறகு அந்த நோயேதான் என்றார்கள்.

முடிந்தவரை வேலைக்கு வந்தார். பிறகு கனகராயன்குளத்து வீட்டில் அம்மாவோடு இருந்தார். நான் விடுமுறை நாட்களில் போய் மூட்டுகள் இறுகாமல் அசைத்துக் கொடுப்பேன். ஒவ்வொரு முறை போகும்போதும் ஏதோ ஒரு தசை குறைந்திருக்கும். போனமுறை தோளை உயர்த்தியவர் இந்தமுறை உயர்த்த மாட்டார். எது போனது, அடுத்து எது போகும் என்று அவரே சொல்வார். தொடுவுணர்வு மட்டும் கடைசிவரை போகவில்லை. கன்னத்தில் இருக்கும் நுளம்பு கடிப்பது தெரியும், அடிக்கக் கை வராது.

அம்மா வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். ஊரில் சொன்ன எண்ணெயெல்லாம் காய்ச்சிப் பூசினார். "நான் தேய்க்கத் தேய்க்க ஏன் பிள்ளை இவள் வத்திப்போறாள்?" என்று என்னைக் கேட்பார். நான் பதில் தேடுமுன் தர்மினி குழறிய குரலில் சொல்வார்: "தேயுங்கோம்மா. சுகமா இருக்குது."

அம்மா குசினிக்குள் போன ஒரு நேரத்தில், என்னைக் கிட்ட வரச்சொல்லிக் கண்ணால் காட்டினார். "நான் உதெல்லாம் படிச்சிருக்கக் கூடாது," என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "அம்மா மாதிரித் தெரியாமக் கிடந்திருக்கலாம். நாளைக்கு எழும்புவன் எண்டு ஒரு நாளாவது நினைச்சிருக்கலாம். இப்ப மூச்சுத் தசை போகுது. எனக்கு எண்ணத் தெரியுது." என் சட்டையைப் பிடிக்க அவருக்குக் கை இருந்திருந்தால் பிடித்திருப்பார். கண்கள் அப்படித்தான் பிடித்தன. "ஏதாவது செய்யுமன்," என்றார். நான் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. அவருடைய தலையணையை உயர்த்தி வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் உடலைக் கொடுப்பதைப் பற்றிக் கேட்டார். "நாங்கள் படிச்சதும் ஆரோ குடுத்த உடம்பில தானே. இந்த வருத்தம் வந்த நரம்பைப் பிள்ளையள் தொட்டுப் பார்க்கட்டும்." அம்மா அதைக் கேட்டதும் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். "அம்மாவிட்டை நீர்தான் கேட்க வேணும். கேட்டுப் பாரும். மாட்டன் எண்டால் விட்டிடும்," என்றார் தர்மினி. கேட்கிறேன் என்றேன். அந்த வாக்கோடுதான் அவர் இறந்த அன்று பேருந்தில் போனேன்.

வீட்டில் அயலவர்கள் கூடியிருந்தார்கள். அம்மா கட்டிலோரத்தில் மகளின் கையைப் பிடித்தபடி இருந்தார். "அவள் கேட்டதை எல்லாருக்கும் கேட்கச் சொல்லு," என்றார். சொன்னேன். ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் சொன்னேன்.

"நீ படிச்சனீ. அங்க குடுத்தால் பிறகு எனக்கு என்ன தருவினம்?"

"படிச்சு முடிய, மிச்சத்தை மரியாதையா அடக்கம் செய்வினம் அம்மா."

"மிச்சம்." அந்தச் சொல்லை அவர் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். "இவ்வளவு வருசமா நான் மிச்சத்தைத்தானே பிள்ளை தேடித் திரியிறன். முழுசா ஒரு பிள்ளை கையில கிடைச்சிருக்குது. நான் குடுக்கமாட்டன். அவள் என்னை மன்னிக்கட்டும்."

நான் வற்புறுத்தவில்லை. தர்மினியின் ஆசை சரியானது. அம்மாவின் மறுப்பும் சரியானது. இரண்டையும் ஒரே கையில் வைத்துக்கொள்ள எனக்கு இன்னும் தெரியவில்லை.

நானும் அம்மாவும் குளிப்பாட்டினோம். மடங்கிக் கிடந்த விரல்களை நான் ஒவ்வொன்றாக நீட்டியபோது, "மெதுவா, அவளுக்கு நோகும்," என்றார் அம்மா. நான் மெதுவாகவே நீட்டினேன்.

கொள்ளி வைக்க ஆண் உறவு தேடினார்கள். அம்மா ஒருவரையும் விடவில்லை. தானே சுடலைக்கு நடந்து வந்து, தானே வைத்தார். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்று பெரியவர் ஒருவர் அவருடைய தோளைப் பிடித்துத் திருப்பினார். சில அடி நடந்தவர் நின்றார்.

"அவன் தண்ணிக்குப் போகேக்கை நான் பார்க்கேல்லை," என்றார். திரும்பி நின்று நெருப்பைப் பார்த்தார். யாரும் தடுக்கவில்லை. பற்றி எரிந்து அடங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன்.

போய் வாரும், தர்மினி. உம்முடைய அம்மா உம்மை வழியனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.