இரண்டாவது ஆள் சொன்னது

முதலில், இதைத் தட்டச்சு செய்யப்போகிறவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். தமிழில் நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். எங்கே பெரிய ‘ற’, எங்கே சின்ன ‘ர’ என்று இன்றைக்கும் தடுமாறுவேன். பத்து வயதில் மெல்பேர்னுக்கு வந்த பிறகும் பள்ளிக்கூடம் போனேன் என்று பெயர்தான். கடைசி வாங்கில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, சட்டம் விட்ட வயதில் பாண், அதாவது ரொட்டி, போடுகிற தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டேன். பிழைகளைத் திருத்திவிடுங்கள். நடந்ததை மட்டும் திருத்தவேண்டாம்.

தமிழ்ச் சங்கத்து மலருக்கு அப்பாவைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். அவர் வாழ்க்கையில் பார்த்த வேலைகளை வரிசையாகச் சொல்வது சுலபம். யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் ஒன்பது வருடம் ஆசிரியர், உதைபந்தாட்டப் பயிற்சியாளர். எழுபத்து நான்கில் இங்கே வந்து, மெல்பேர்னின் மேற்குப் பக்கத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியர். அங்கேயும் ஓர் உதைபந்தாட்ட அணியை உருவாக்கி இரண்டு வருடம் பயிற்சி கொடுத்தார். அதன்பின் ஓய்வு பெறும்வரை பதினான்கு வருடம் அதே கல்லூரியின் விளையாட்டுத்துறைப் பணிப்பாளர். அந்த இரண்டு வருடம் ஏன் மூன்றாகவில்லை என்பதைத்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது. அது எனக்கு மட்டும் தெரிந்த காரியம்.

கல்லூரி மைதானம் என்பது அப்போது ஒரு வெறும் புல்வெளி. தெற்கிலிருந்து வரும் காற்று, அடித்த பந்தை அடித்தவனிடமே திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கும். அப்பா அதில் தானே சுண்ணாம்புக் கோடு போட்டார். அணியில் கிரேக்கப் பெடியன்கள், இத்தாலியப் பெடியன்கள், மோல்டாத் தீவுக்காரர் இரண்டு பேர், பிறகு என் அண்ணா. அண்ணாவுக்குப் பதினெட்டு வயது. அதே கல்லூரியில் இயந்திரம் பொருத்தும் வேலை படித்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் ஆட்டக்காரர்களுக்குத் தோடம்பழத்தை, ஆரஞ்சைத்தான் சொல்கிறேன், துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பது இந்த நாட்டு வழக்கம். அம்மா அதில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி அனுப்புவார். கோல் காக்கிற நிக்கோ என்ற கிரேக்கப் பெடியன் முதல் நாள் கண்ணீர் விட்டு அழுதான். இரண்டாம் வாரம் மற்றவர்களின் துண்டுகளையும் தின்றான்.

அப்பாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. மைதானத்துப் படலைக்கு உள்ளே அண்ணா அவரை, மற்ற மாணவர்கள் ஆசிரியரைக் கூப்பிடுவதுபோல, ‘சேர்’ என்றுதான் கூப்பிட வேண்டும். படலையைத் தாண்டி வெளியே வந்த பிறகுதான் ‘அப்பா’. யாழ்ப்பாணத்தில் அப்பாவின் வகுப்பிலேயே அண்ணா படித்த காலத்தில் வந்த சட்டம் அது. வகுப்பில் யார் சத்தம் போட்டாலும் முதல் அடி அண்ணாவுக்குத்தான் விழுமாம். ஆசிரியருடைய பிள்ளைக்குச் சலுகை என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. அண்ணா அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. ஆட்டம் முடிந்து படலையில் கால் வைத்ததும், “அப்பா, பசிக்குது!” என்று கத்துவார். நிக்கோவுக்கு அந்த ஒரு தமிழ் வாக்கியம் தெரியும். அவனும் சேர்ந்து கத்துவான்.

எழுபத்தாறாம் ஆண்டு எங்கள் அணி அரையிறுதியில் வென்றது. அண்ணா இரண்டு கோல் போட்டார். இறுதியாட்டத்தைப் பார்க்க சிட்னியிலிருந்து ஒரு பெரிய கழகத்தின் ஆள் வரப்போகிறார், இரண்டு பேரைத் தெரிந்தெடுத்துக்கொண்டு போவார் என்று அன்றைக்கே கதை பரவிவிட்டது. அண்ணாவின் பெயரைத்தான் எல்லோரும் சொன்னார்கள்.

அந்த அரையிறுதியின்போது நான் கம்பிவேலி ஓரம் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. பக்கத்தில் இரண்டு வெள்ளைக்காரர்கள் வேலியில் சாய்ந்து நின்றார்கள். யாரோ ஆட்டக்காரர்களின் தகப்பன்மாராக இருக்க வேண்டும். ஒருவர் அண்ணாவைக் காட்டி, “கோச்சின் மகன் என்றபடியால்தான் அவன் ஆடுகிறான்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். மற்றவர் சிரித்தார். “அப்படியில்லை. இந்தப் பதினொரு பேரில் அவன் ஒருவன்தான் உண்மையான ஆட்டக்காரன். நீயே பார்” என்றார். சொல்லி முடிக்கவும் அண்ணா இரண்டாவது கோலைப் போடவும் சரியாக இருந்தது. முதல் ஆள் தொப்பியைக் கழற்றி மற்றவருக்குத் தலைவணங்கிக் காட்டினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புட்டும் மீன்குழம்பும். அண்ணா பின்பக்கத்துக் குழாயடியில் சப்பாத்துக் கழுவிக்கொண்டிருந்தார். அப்பாவும் அம்மாவும் சிட்னியில் குளிர் எப்படி, அண்ணா எங்கே தங்குவார், சமைத்துச் சாப்பிடுவாரா என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. நான் பேசுவது குறைவு. பேசினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

“அண்ணா உங்கடை மகன் எண்டபடியால்தான் விளையாடுறாராம்” என்றேன்.

அப்பாவின் கை சாப்பாட்டுக் கோப்பையில் நின்றது. “ஆர் சொன்னது?”

“வேலியடியிலை நிண்ட ஒரு ஆள்.”

“என்னெண்டு சொன்னவர்? அவர் சொன்ன மாதிரியே சொல்லு.”

நான் ஆங்கிலத்தில், அந்த ஆள் இழுத்த மாதிரியே இழுத்துச் சொல்லிக் காட்டினேன். எனக்கு அது நன்றாக வந்தது. அம்மாவும் அப்பாவும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மேசையில் அப்படி ஒரு கவனம் எனக்கு அதற்குமுன் கிடைத்ததில்லை. அடுத்த ஆள் சொன்னதையும் அதேபோல நடித்துக் காட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அப்பா கையை உயர்த்தினார்.

“போதும். சாப்பிடு.”

நான் சாப்பிட்டேன்.

“ஆரோ ஒருத்தன் சொன்னதுக்கு நீங்கள் ஏன் முகத்தைத் தூக்கிறியள்?” என்றார் அம்மா. அண்ணா ஈரச் சப்பாத்தோடு உள்ளே வந்து, மீனில் நடுத்துண்டு எங்கே என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது என்று நான் நினைத்தேன்.

ஆட்டத்துக்கு முந்திய வியாழக்கிழமைதான் அப்பா அணியின் பட்டியலைப் போடுவார். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நீலப் பேனாவால் பதினொரு பெயர், கீழே மாற்று ஆட்டக்காரர் இரண்டு பேர். உடற்பயிற்சி மண்டபத்துக் கதவில் குத்திவிடுவார். வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடமாட்டார். ஞாயிறுக்கும் வியாழனுக்கும் இடையில் எனக்கு நான்கு நாள் இருந்தது. திங்கட்கிழமை அப்பா என்னைக் காரில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார். செவ்வாய்க்கிழமையும்தான். காரில் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே. மற்ற ஆள் சொன்னதை அப்போது சொல்லியிருக்கலாம். அதற்குத் தேவை இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் அண்ணா வீட்டுக்கு வந்து, பட்டியலில் மேலே தன் பெயர் இல்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அறைக்குள் போனார். சற்றுப் பொறுத்து அப்பாவின் கார் வந்தது. அம்மா குசினி வாசலில் நின்றே கேட்டார்.

“மேலை அவன்ரை பேர் இல்லையாமே?”

“மாற்று ஆட்டக்காரரிலை கிடக்கு.”

“ஏன்?”

“ரெண்டு பேர் ஒரே மாதிரி விளையாடினால் வாத்தியாற்றை பிள்ளைதான் வெளியிலை நிக்க வேணும். மற்றப் பெடியனுக்கும் தாய் தேப்பன் இருக்கினம்.”

“ரெண்டு பேரும் ஒரே மாதிரியோ?” என்று அம்மா கேட்டார். அப்பா சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். அவிழ்க்க வெகுநேரம் எடுத்தது.

சனிக்கிழமை அம்மா தோடம்பழம் வெட்டவில்லை. பையில் முழுப்பழமாகப் போட்டு, ஒரு கத்தியையும் வைத்து அனுப்பினார். இடைவேளையில் அண்ணாதான் புல்லில் குந்தியிருந்து ஒவ்வொன்றாக வெட்டி எல்லோருக்கும் நீட்டினார். மிளகாய்த்தூள் எங்கே என்று நிக்கோ கேட்டான். அண்ணா தோளைக் குலுக்கினார்.

சிட்னிக்காரர் நீல நிற மேலங்கி போட்டிருந்தார். ஒரு சின்னக் கொப்பி வைத்திருந்தார். இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிய இருபது நிமிடம் இருக்கையில் நிக்கோ கோல் கம்பத்தடியில் நின்று, அண்ணாவை இறக்கச் சொல்லி அப்பாவைப் பார்த்துக் கத்தினான். அண்ணா மேல்சட்டையைக் கழற்றிவிட்டுக் கோட்டோரமாக ஓடிப் பார்த்தார்.

“இறங்கட்டோ, சேர்?”

“பொறு” என்றார் அப்பா.

பத்து நிமிடம் இருக்கையில் அண்ணா மறுபடியும் கேட்டார். அப்பா மைதானத்தைப் பார்த்தபடியே மறுபடியும் பொறு என்றார். அப்போது அண்ணாவின் இடத்தில் ஆடிய மோல்டாக்காரப் பெடியன் அடித்த பந்து யாருடைய காலிலோ பட்டு, உருண்டு உள்ளே போனது. ஆட்டம் முடிந்தது. நாங்கள் வென்றுவிட்டோம்.

நானும் கை தட்டினேன். தோற்றிருந்தால் நல்லதாயிருந்திருக்கும் என்று எனக்கு இன்றைக்கு விளங்குகிறது. தோற்றிருந்தால் அப்பா பிழை விட்டார் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அண்ணாவும் கோபித்துச் சண்டை பிடித்திருப்பார். வென்றபடியால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்ல இடமில்லாமல் போய்விட்டது. சிட்னிக்காரர் கொப்பியில் இரண்டு பெயர் எழுதிக்கொண்டு போனார். கல்லூரி அதிபர் கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சொந்த மகனையே வெளியில் நிறுத்திய நேர்மையைப் பற்றிப் பேசினார். அப்பா கீழே பார்த்துக்கொண்டு நின்றார். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

படலையைத் தாண்டியபோது நிக்கோ வழக்கம்போல, “அப்பா, பசிக்குது!” என்று கத்தினான். அவன் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

அடுத்த மாதம் அப்பா விளையாட்டுத்துறைப் பணிப்பாளர் ஆனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கதவில் பெயர்ப்பலகை, மேசையில் டெலிபோன், சுழலும் கதிரை. அந்தக் கதிரையில் இருந்து நான் தலைசுற்றும்வரை சுற்றினேன். அது அந்த வெற்றிக்குக் கிடைத்த பரிசு என்றுதான் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பதவியை அதிபர் ஒரு வருடமாகவே கொடுக்கப் பார்த்ததும், மைதானத்தை விட்டு வரமாட்டேன் என்று அப்பா மறுத்துக்கொண்டிருந்ததும், இறுதியாட்டம் முடிந்த திங்கட்கிழமை தானே போய்க் கேட்டு வாங்கியதும் அம்மா சொல்லி எனக்குப் பின்னாளில் தெரியவந்தது. இரண்டு அறைகள் காட்டினார்களாம். ஒன்றின் ஜன்னலால் மைதானம் தெரியும். அப்பா கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த அறையை எடுத்தார். பதினான்கு வருடம் பஸ் ஒழுங்கும் நீச்சல்போட்டி நேர அட்டவணையும் அந்த அறையில் இருந்து எழுதினார். கோட்டோரம் போய் நின்றதேயில்லை. அவருடைய பிரியாவிடைக் கூட்டத்திலும் யாரோ அந்த இறுதியாட்டக் கதையைச் சொல்ல, சபை எழுந்து கை தட்டியது. அண்ணா அங்கே இல்லை.

அண்ணா அந்த வருடக் கடைசியிலேயே சிட்னிக்குப் போய்விட்டார், ரயில்வே பட்டறை வேலைக்கு. பந்தை அவர் பிறகு தொடவில்லை. நானும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சொன்னதில்லை. பாண் தொழிற்சாலையில் என்னை வாயில்லாத ஆள் என்பார்கள். போன வருடம் அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மற்ற ஆள் சொன்னதைச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று தரம் போனேன். மூன்று தரமும் தலையணையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்தேன். அண்ணாவுக்கும் சொல்லவில்லை. அவர் தமிழ் வாசிப்பார். இந்த மலர் சிட்னிக்கும் போகும்தானே.

இன்னும் ஒன்று இருக்கிறது. இறுதியாட்டத்தன்று பின்னேரம் நாங்கள் நான்கு பேரும் மேசையில் இருந்தோம். கேடயத்தை அலுமாரிக்கு மேல் வைத்திருந்தோம். அண்ணா தேத்தண்ணிக் கேத்திலை எடுத்து, அப்பாவின் பக்கம் நீட்டி, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

“தேத்தண்ணி விடட்டோ, சேர்?”

வீட்டுக்குள் அவர் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தரம். பிறகு வேறு சொல் சொல்லிக் கூப்பிடவே இல்லை. சிட்னியிலிருந்து போன் எடுத்தாலும், “சேர் நிக்கிறாரோ?” என்றுதான் கேட்பார். ஆனால் அன்றைக்கு அது எனக்கு எப்படித் தெரியும்? அண்ணா பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். வாயில் இருந்த பிஸ்கட் சிதற, மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தேன். மற்ற மூன்று பேரும் ஏன் சிரிக்காமல் இருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அவர்களுக்குப் பகிடி விளங்கவில்லையாக்கும் என்று, “சேராம், சேராம்!” என்று இன்னொரு தரம் சொல்லிக் காட்டினேன்.

எழுதி முடித்தது: 2012 செப்டெம்பர் 15, சனிக்கிழமை.