பங்களாவில் ஆள் உண்டு

உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் அந்த பங்களா இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். முகப்பில் ஆறு உருண்டைத் தூண்கள். சொந்தக்காரர் தாண்டவராயன் குடும்பத்தோடு மெட்ராஸில் இருந்தார். பெருக்கிப் பூட்டிக் காவல் காத்தவள் மங்கம்மா. புருஷன் செத்தபின் பின்புறச் சமையல் கொட்டகையில் தங்கச் சொன்னவர் அவர்தான்.

எழுபத்தைந்தாம் வருஷம் காலனி ஜனங்கள் சர்க்காரிடம் வீட்டுமனை கேட்டார்கள். பங்களா ஆளில்லாமல் கிடக்கிறது, சுற்றியுள்ள தோப்பைக் கொடுங்கள் என்றார்கள். முன்னால் நின்றவன் மங்கம்மாவின் அண்ணன் எல்லப்பன். அதிகாரி பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும் தாண்டவராயன் காரில் வந்து இறங்கினார்.

"கொட்டகை உன் ஆயுசுக்கும் உனக்குத்தான் மங்கம்மா, எழுதியே தர்றேன். வீட்ல ஆள் இருக்கிற மாதிரி மட்டும் காட்டு."

காட்டினாள். பீரோவிலிருந்த எஜமானியம்மாள் சேலைகளை நனைத்து, தூணுக்குத் தூண் கொடி கட்டிக் காயப்போட்டாள். அடுப்பு மூட்டிக் குழம்பு தாளித்தாள். குழந்தைத் துணியும் இருந்தால் நம்புவார்கள் என்று தோன்றியது. அண்ணன் வீட்டுக்குப் போய் அவன் மகனின் சட்டையைக் கேட்டாள். எதற்கென்று கேட்காமல் அண்ணி கொடுத்தாள்.

"அம்மாவும் கொயந்தைங்களும் கோயிலுக்குப் போயிக்கீறாங்க சாமி" என்றாள் அதிகாரியிடம். அவர் சின்னச் சட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். கேட்டுக்கு வெளியே நின்ற எல்லப்பனும் அதைப் பார்த்தான்.

காலனிக்கு ஏரியின் உள்வாயில் மனை கிடைத்தது. மழைக்கு மழை தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. எல்லப்பன் அவளோடு பேசுவதை விட்டான். கொட்டகையாவது இருக்கிறதே என்று அவள் இருந்தாள்.

எண்பத்து நாலில் தோப்பு மனைகளாக விலை போனது. 'பங்களா நகர்' என்று போர்டு நட்டபிறகு பங்களாவை இடித்தார்கள். தூண்களைச் சங்கிலி கட்டிச் சாய்த்து, உடைத்த செங்கல்லைப் புதுத் தெருக்களில் கொட்டி நிரவினார்கள். மனைத் தரகரோடு வந்திருந்த தாண்டவராயனிடம் மங்கம்மா கொட்டகையைப் பற்றிக் கேட்டாள்.

"அது ரோட்டுல போயிடுச்சு. முப்பதடி ரோடு விட்டாத்தான் கவர்மெண்டுல லேஅவுட்டுக்கு ஒத்துக்குவான்."

"எய்தித் தர்றேன்னு சொன்னீங்களே, ஐயா."

"இன்னாத்த எழுதித் தர்றது, ரோட்டையா?"

தரகர் சிரித்தார். அவரும் சிரித்தார்.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்தாள். எல்லப்பன் வாசலில் சேறு. அவன் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஒன்பது வருஷம் கழித்து அவளிடம் பேசினான்.

"இந்த வூட்லயும் ஆள் கீது மங்கா. கொடியில துணி காயுது பாரு."